லாரிக்காரன் சொன்ன பாதை

"தேதியைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்க்கா. இப்பதான்."

"இப்பதானா? நாளைக்குக் காலையில வேன் வாசல்ல நிக்கப்போகுது. இப்பதான் பார்த்தாங்களாம் மகாராணி!"

மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு, அக்கா என் தோளுக்கு மேலாகக் கைபேசியை எட்டிப் பார்த்தாள். பயணம் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாக யோசனை சொல்லிக்கொள்ளும் இணையப் பக்கம் அது. லாரிக்காரன் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நேற்றுதான் போய் வந்தேன். மலைப்பாதை அருமை. வண்டி ஏரிக்கரை வரைக்கும் போகும். முட்டி வலிக்காரர்கள் இறங்கவே வேண்டாம், சன்னலிலேயே தண்ணீர் தெரியும்.'

அந்த நேற்று, ஆறு வருடத்துக்கு முந்தைய நேற்று. அதற்குக் கீழே நான் விரித்தே பார்க்காத பதில்களில் மலை சரிந்த செய்தி இருந்தது. பாதி வழியில் பாதை அடைப்பு. அதற்குமேல் செங்குத்தான ஒற்றையடித் தடம். இப்போது சரிசெய்துவிட்டார்களா என்று எங்கேயும் இல்லை. சுற்றுலா அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

அப்பா டவுன் பஸ் ஓட்டியவர். கடைசிவரை ஒரே தடம். நான் ஒவ்வொரு யோசனையாக வாசித்துக் காட்டியபோது, "இவன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். புகைப்படக்காரர் என்றால், "அவனுக்கு எல்லாமே அழகுதான். அடுத்ததைப் படி." லாரிக்காரன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்டியரிங் பிடிச்சவன் ரோட்டைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான்மா." அதோடு நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் மிச்சமிருப்பதும் சில வாரங்கள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பார்க்க ஆசைப்படுவதைக் காட்டிவிடுங்கள் என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. பணிமனை ஓய்வறைச் சுவரில் அவர் தினமும் பார்த்த படத்தில் இருந்த ஏரியைச் சொன்னார்.

லாரிக்காரனுக்குத் தனியாக எழுதினேன்: 'அண்ணா, பாதை இப்போது இருக்கிறதா?' அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், அவர் அந்தப் பக்கத்துக்கு வந்தே வருடக்கணக்காகிறது. பொதுவிலும் கேட்டேன். ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். இன்னொருவர் கடற்கரை விடுதி ஒன்றைப் பரிந்துரைத்தார்.

"வேற ஏதாவது ஏரியைக் காட்டிட்டா?" என்றாள் அக்கா.

"அப்பாவை ஏமாத்தச் சொல்றியா?"

"பின்ன, பாதி மலையில வண்டியை நிறுத்தி, இதுக்கு மேல இல்லப்பான்னு சொல்லுவியா? சொல்லுடி, உன் வாயால சொல்லுவியா?"

சுவரைத் தடவிக்கொண்டே அப்பா உள்ளே வந்தார். சவரம் செய்த கன்னத்தில் ஒரு இடம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

"என்ன, அக்காளும் தங்கச்சியும் ரகசியம்?"

அக்கா கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, அந்த லாரிக்காரத் தம்பிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லேன். மேல ஏறும்போது ஏரி டிரைவர் பக்கம் வருமா, கதவுப் பக்கம் வருமா? எனக்கு அந்தப் பக்கம் சன்னலோரம் வேணும். இப்பவே கேளும்மா."