தகடு முடிந்த இடம்

நான் வைத்த வெல்டிங் விட்டுப்போனதாகச் சரித்திரமே கிடையாது. இதை நானே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவள். அதனால் என் நாத்தனார் தன் பிக்கப் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, இது படகு இழுக்க வேண்டும் அண்ணி என்றபோது, எவ்வளவு பெரிய படகு என்றுகூட நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். பழுதுபார்க்க வரும் படகுகளைக் கரையிலிருந்து சரிவுப் பாதையில் இழுத்து மேலே ஷெட்டில் சேர்க்கிற வேலை. மூன்று டன் படகை நிற்காமல் ஏற்றிக் காட்டினால் வருடம் முழுக்க வேலை அவளுக்கு, இல்லையென்றால் டிராக்டர்காரருக்கு. ஓட்டுவதும் அவளாகவே இருக்க வேண்டும் என்று ஷெட் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை நம்பி, பத்து வருஷமாக ஓட்டிய கம்பெனி வேனை அவள் விட்டுவிட்டு வந்திருந்தாள். எப்போதும் முதலில் குதித்துவிட்டுத்தான் யோசிப்பாள்.

வண்டியோ பழையது. நீளக் குழாய் ஏற்றுவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் அடிச்சட்டத்தை, அதாவது சேஸை, வெட்டி ஒட்டி ஒன்றரை அடி நீட்டியிருந்தான். கியர் வேலை என் வீட்டுக்காரருக்கு, இரும்பு வேலை எனக்கு. அவர் பின் அச்சில் கிரவுன் பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினார். பெரிய கிளட்ச் பிளேட்டும் தடித்த ஷாஃப்டும் போட்டார். நான் சேஸை நீட்டிய அந்த ஒட்டின்மேல் இரண்டு பக்கமும் கனத்த தகட்டை வைத்து, நாலு விளிம்பையும் சுற்றிப் பற்றவைத்தேன். கொஞ்சம் மெல்லிசாகப் போட்டால் என்ன என்று அவர் கேட்டார். பலம் வேண்டுமா, அழகு வேண்டுமா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

முதல் சோதனையில், பாதிச் சரிவில் 'டமார்' என்று ஒரு சத்தம். வண்டி பின்பக்கம் தொய்ந்து நின்றுவிட்டது. ஆட்கள் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். நாத்தனார் வெளிறிப்போய் இறங்கி, கிளட்சிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று முதலாளியிடம் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு முறை பார்க்கலாம், அதுதான் கடைசி என்றார் அவர். நான் சும்மா விட்டேனா? வீடு வரும்வரை அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் காலை நானும் வீட்டுக்காரரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். பழைய ஒட்டு அப்படியே இருந்தது. விரிசல் விட்டிருந்தது என் தகடு முடிகிற இடத்தில், நான் குறுக்கே பற்றவைத்த கோட்டை ஒட்டி, அளவெடுத்த மாதிரி. தகடு கொஞ்சம்கூட வளைந்து கொடுக்கவில்லை. பாரமெல்லாம் அதன் ஓரத்தில் போய் இறங்கியிருக்கிறது. அவர் டார்ச்சை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "தெரியுது, வாயை மூடுங்க" என்றேன். பாவம், அவர் வாயைத் திறக்கவே இல்லை.

தகட்டை அரைத்து எடுத்தேன். விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் துளை போட்டு, பிறகு எல்லாவற்றையும் பற்றவைத்து அடைத்தேன். இந்த முறை மெல்லிய, நீளமான தகடு. நுனிகளைச் சாய்வாக வெட்டி, நீளவாக்கில் மட்டும் பற்றவைத்தேன். குறுக்கே ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. எல்லாம் செய்தேன், நாத்தனாரிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர. நாக்கு நுனிவரை வந்தது, கௌரவம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை படகை மாட்டியாயிற்று. அவள் சாவியை அண்ணன் கையில் திணித்தாள்.

"நீயே ஓட்டு அண்ணே. என் காலை நம்ப முடியல."

டிராக்டருக்குச் சொல்லிவிடட்டுமா என்று முதலாளி கேட்டார். அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவள், நான் திட்டிய திட்டில் தன் காலையே நம்பாமல் நிற்கிறாள்.

"அன்னிக்கு உடைச்சது நீ இல்லடி, நான்தான்" என்றேன், அங்கிருந்த எல்லார் காதிலும் விழும்படி. "தகட்டைத் தப்பா வச்சேன். தெரிஞ்சும் ஒரு வாரமா சொல்லல. உன் கால்ல ஒரு குத்தமும் இல்ல."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் சரித்திரம் அத்தோடு முடிந்தது. அவள் என்னை முறைத்த முறைப்பில் இரும்பே உருகியிருக்கும். பிறகு அண்ணன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

கோபம் முகத்தில்தான் இருந்தது, காலில் இல்லை. கிளட்சை வெண்ணெய் மாதிரி விட்டாள். வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கி, உறுமி, நகர்ந்தது. நான் கண்ணைத் தகட்டிலேயே வைத்துக் குனிந்தபடி கூடவே ஓடினேன். பாதிச் சரிவு வந்தது, போயும் விட்டது. ஷெட் வாசலில் படகு போய் நின்றதும் அவள் ஹாரனை அழுத்திய அழுத்தில் புறாக்களெல்லாம் பறந்தன. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. என் வீட்டுக்காரர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத மனுஷன், விசில் அடித்தார்.

நான் அடியில் புகுந்து தகட்டின் நுனிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை. வெளியே வந்தபோது, திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடும்படி முதலாளி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏறுங்க அண்ணி. அன்னிக்கு வழி நெடுக என்னைத் திட்டினீங்கல்ல? இன்னிக்கு என் முறை."

சொன்னபடியே வீடு வரும்வரை திட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.