மூன்றாம் பூச்சு

ஏணியை மடக்கிச் சாய்த்துவிட்டு, தரையில் விரித்திருந்த பழைய பேப்பர்களை அள்ளிச் சுருட்டிக்கொண்டிருந்தாள் பிரபாவதி. அப்பாவைப் படுக்கவைக்க ஹாலில் ஆறடி இடம் வேண்டும். காலை ஒன்பதே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி ராஜகுமார் போன் செய்து, அப்பா போயிட்டாருக்கா என்று ஒரே வரியில் சொல்லி அழுதான். நீ இங்கே ஓடி வராதே, பேப்பர் வேலையெல்லாம் நான் பார்க்கிறேன், வீட்டை ஒதுங்க வை என்றான். இப்போது மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் வண்டி செம்பூரில் இந்தப் புது வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

வந்தாலும், அப்பாவை மேலே ஏற்றலாமா என்பதுதான் இப்போது வழக்கு. வடாலாவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த சீனியம்மாள் அத்தை வாசல்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றிருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அழுது முகம் வீங்கிக் கிடந்தது. குரல் மட்டும் கொஞ்சமும் தழையவில்லை.

“பால் காச்சாத வீட்டுல மொதமொத பொணத்த ஏத்துவியாட்டி? எங்கூடப் பொறந்தவனா இருந்தாலும் சொல்லுதேன். இந்த வீடு வெளங்குமா?”

வேறு எங்கே கொண்டுபோவது? தாராவியில் இருந்த கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, போன மாதம்தான் பில்டரிடம் ஒப்படைத்தார்கள். இன்றைக்கு அங்கே போனால் செங்கல் குவியல்தான் இருக்கும். அதற்குப் பிறகு அப்பா அத்தை வீட்டில்தான் படுத்து எழுந்தார். அங்கே அத்தையின் மருமகள் நிறைமாதம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறவள் முன்னால் பிணத்தைக் கொண்டு போட முடியுமா? அதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆக மிச்சம் இருப்பது ஒரே வழி. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே சுடுகாடு. ராஜகுமாரே மெல்ல அந்தப் பேச்சை எடுக்க ஆரம்பித்திருந்தான்.

நாற்பத்திரண்டு வருஷம் பத்துக்குப் பன்னிரண்டு கோலியில் கிடந்த மனுஷர். மூன்று சன்னல் வைத்த சொந்த வீடு கைக்கு வந்த பிறகு, அதில் ஒரு மணி நேரம்கூடக் கிடக்காமல், நாதியற்றவர் போல ரோட்டோடு போவதா? 

இதற்கெல்லாம் காரணம் யார்? சாட்சாத் அவளேதான். போன வெள்ளிக்கிழமை, ஆவணி வளர்பிறை, நல்ல முகூர்த்தம் என்று அப்பா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். முதலில் பாலைக் காய்ச்சிவிடுவோம், பெயிண்டைப் பிறகு அடித்துக்கொள், சுவர் எங்கே ஓடியா போகப்போகிறது என்று மூன்று தடவை கேட்டார். இவள் பிடிகொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து உதிர்கிற நீலச் சுண்ணாம்பைப் பார்த்தே வளர்ந்தவள். சொந்தமாக ஒரு சுவர் கிடைக்கவே நாற்பது வயதாகிவிட்டது. சேஜ் கிரீன் என்று போனில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். பச்சைதான், ஆனால் கண்ணில் குத்தாது. நிழலில் காய்ந்த முருங்கை இலையைப் பொடித்து மோரில் கலக்கினால் வருமே, அந்த மாதிரி.

முதல் பூச்சு காய்ந்ததும் டியூப் லைட்டில் சாம்பலாகத் தெரிந்தது. அன்றைக்கே, கலர் சரியாகிற வரைக்கும் பால் காய்ச்சுகிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். அடுத்து அடித்த இரண்டாவது பூச்சும் ஆபரேஷன் தியேட்டர் சுவர் மாதிரி வந்து நின்றது.

இன்றைக்கும்தான் என்ன செய்தாள்? விடிகாலையில் அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, கேஸாகத்தான் இருக்கும், டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று தம்பி சொன்னான். சரி என்று போனை வைத்துவிட்டு, மூன்றாவது பூச்சு எப்படி வருகிறது என்று பார்க்க இங்கே வந்தாள். சுவரைப் பார்க்க வந்தாள்! நினைக்க நினைக்கத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“ஒரு பாக்கெட் பால் வாங்கியாரச் சொல்லி இப்பவே காச்சிருதேன் அத்த,” என்றாள்.

“புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? தீட்டு வந்தாச்சு. அப்பன் செத்த பொறவு மவ பால் காச்சுவாளா?”

 போன் அடித்தது. ராஜகுமார். பாடியை ஏற்றியாயிற்று, எங்கே போகவேண்டும் என்று டிரைவர் கேட்கிறான், இங்கே வண்டியை நிறுத்தவிடமாட்டேன் என்கிறான் என்று படபடத்தான். “அத்த சொல்லுததும் நியாயம்தானக்கா. ஜல்தி சொல்லு, வீட்டுக்கா, காட்டுக்கா?”

அஞ்சு நிமிஷம் இரு என்றாள். அஞ்சு நிமிஷத்தில் என்ன மாறிவிடப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளறையில் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்த நசீர் ஈரக் கையோடு வந்து நின்றான். பெயிண்டர். தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பதினைந்து நாளாக இந்த வீட்டில் அவனும் இன்னொரு ஆளும் வேலை செய்கிறார்கள். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், அத்தையைப் பார்த்தான், பிரபாவதியைப் பார்த்தான், கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

“சொல்லக்கூடாதுன்னு பெரியவுக சத்தியம் வாங்கியிருக்காவ அக்கா. இனிம சொல்லாம இருந்தாத்தான் பாவம். இந்த வீட்டுல பால் காச்சியாச்சு.”

அத்தை வெடுக்கென்று திரும்பினாள்.

போன வெள்ளிக்கிழமை காலையில், ஜும்மாவுக்கு நேரமாகிவிடுமே என்று தான் வேலையை அவசரமாக முடித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் தனியாக வந்தார் என்றான் நசீர். மடியில் ஒரு பால் பாக்கெட், ஒரு தேங்காய், காகிதத்தில் கொஞ்சம் சர்க்கரை. இவர்கள் டீ போடுகிற கரண்ட் அடுப்பைத் துடைத்துத் தரச் சொன்னார். சாமி படம் இல்லையே என்று இவன் கேட்டதற்கு, அதையெல்லாம் மகள் வந்து மாட்டிக்கொள்வாள் என்றார். பால் பொங்கினதும் கும்பிட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு அரை கிளாஸ் கொடுத்துவிட்டுத்தான் தான் குடித்தார்.

“எந்தப் பக்கம் பொங்குச்சு?” என்றாள் அத்தை. வக்கீல் தோற்றுப்போவான்.

“சன்னல் பக்கம். வெயில் வருமே, அந்தப் பக்கம்.”

கிழக்கு. அத்தை படியைத் தாண்டி உள்ளே வந்தாள். நேரே சமையலறைக்குப் போய், அந்த அடுப்பை நகர்த்தி, அடியில் கல்மேடையில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனாள். டீ வழிந்த கறையா, வெறும் பால் வழிந்த கறையா என்று அவளுக்குத் தெரியாதா? அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பாவி அண்ணே, எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே,” என்று எடுத்தவள்தான், அழுகை அந்தக் காலி வீடு முழுக்கக் கேட்டது.

பிரபாவதி தம்பியைக் கூப்பிட்டாள். வீட்டுக்கே கொண்டு வா என்றாள். போனை வைத்துவிட்டு நசீரிடம் கேட்டாள்.

“கலரப் பாத்தாங்களா?”

“பாத்தாவ. ரெண்டாவது கோட்டிங் பாதி காஞ்சிருந்துச்சு.” கொஞ்சம் தயங்கினான். “எம்மவ இதையும் சரியில்லம்பா, திரும்ப அடிக்கச் சொல்லுவா, மொகஞ்சுளிக்காம அடிச்சுக் குடுங்கப்பான்னு சொன்னாவ.”

அவள் பால்கனிக்குப் போய், அங்கே நின்ற பெயிண்ட் வாளியின் விளிம்பைப் பிடித்தபடி அழுதாள். நசீர் உள்ளே போய் மிச்சப் பேப்பர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மூன்று மாடியும் படியிலேயே தூக்கி வந்தார்கள். அத்தையே முன்னால் நின்று, கதவு இடிக்காமல் திருப்பு, தலைமாட்டைத் தெற்கே வை என்று வழிசொன்னாள். தாராவியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரையும் அத்தை, சுவரு ஈரம், சாயாதீய என்று எச்சரித்தாள். அதனால் அத்தனை பேரும் ஹாலின் நடுவில் அப்பாவைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

மதிய வெயில் சன்னல் வழியாக எதிர்ச் சுவரில் ஏறியது. மேல்பாதி காய்ந்துகொண்டு வந்தது. கொஞ்சம் மங்கல்தான். அவள் நினைத்திருந்ததைவிட ஒரு பிடி மங்கல். வாசலில் நின்ற நசீருக்கும் அது தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

பிரபாவதி எழுந்து அப்பாவின் தலைமாட்டுக்குப் போனாள். அங்கே மட்டும்தான் இடம் இருந்தது. அவருடைய நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, அப்படியே பின்னால் நகர்ந்து, முதுகு முழுக்கச் சுவரில் பட நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அத்தை பார்த்தாள். அடுத்து உள்ளே வந்தவர்களிடம் மட்டும், சுவரு ஈரம், சாயாதீய என்றாள்.