சாவுக்கு நின்ற பாடு

தேசப்பனின் பதினாறாம் நாள் காரியத்தில், இலையில் வடை விழுந்த நேரத்தில்தான் ஐஸ்வர்யாவுக்குத் தன் கணக்கு தப்பியது தெரிந்தது. "அதுக்குள்ள பதினாறு ஆயிடுச்சி பாரு, நேத்து செத்தா மாதிரி கீது" என்றாள் பக்கத்து இலைக்காரி. ஐஸ்வர்யா எடுத்த வடையை அப்படியே வைத்துவிட்டாள்.

அவள் நாட்களை எண்ணுவது பாடு கணக்கை வைத்து. ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு ஊர்க்காரர்கள் மூன்று பிரிவாக முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அவள் புருஷன் ரஞ்சித்தின் பாடு மூன்று நாளுக்கு ஒரு தரம் வரும். காற்றடித்து இறங்க முடியாவிட்டால் அன்றைய பாடு போனதுதான், அடுத்தவன் முறை காத்திருக்காது. அதனால் காலண்டரைவிடப் பாடு பத்திரம் என்று நினைத்திருந்தாள். காலண்டரில் தேதியைக் கிழிக்க வீட்டில் ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. பாட்டை மறக்கிற பெண்பிள்ளை அந்தக் குப்பத்தில் கிடையாது.

மகள் பிறந்தபோது அவளுக்கு ப்ரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்துவிட்டது. தாயா பிள்ளையா என்று ரஞ்சித்திடம் யாரோ கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம், இப்போதைக்கு இன்னொன்று கூடவே கூடாது என்றார் டாக்டரம்மா. காப்பர்-டி போட்டு, உதிரம் நிற்காமல் எடுத்தாகிவிட்டது. மாத்திரை ப்ரஷருக்கு ஆகாது. கடைசியில் நர்ஸ் ராஜம்மாதான் வழி சொன்னார். "தூரமான நாள்ள இருந்து எண்ணும்மா. மொதல் ஆறு நாள் பரவால்ல. அப்பறம் வழவழன்னு இருக்கற நாளெல்லாம் ஆபத்து. நிரோத் பாக்கெட் இல்லாம கிட்ட சேக்காத." ஐஸ்வர்யா அதைத் தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். தூரமான பின் ரஞ்சித்தின் இரண்டாவது பாடு முடியும்வரை பயமில்லை, அதற்கு மேல் பாக்கெட். ஒரு வருஷமாகப் பிசகவில்லை.

ஆனால் சாவு வேறு. ஊரில் சாவு விழுந்தால் யாரும் இறங்க மாட்டார்கள், யார் பாடும் போகாது. மொத்த முறையும் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தேசப்பனுக்காக மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. வேலையில்லாமல் வீட்டிலிருந்த ரஞ்சித், "பாக்கெட் எடுக்கட்டா?" என்று கேட்கத்தான் செய்தான். நல்ல மனுஷன். "ரெண்டாவது பாடே இன்னும் வர்ல, இன்னாத்துக்கு?" என்று சொன்னது அவள்தான். உடம்பும் வழவழத்துச் சொல்லிப் பார்த்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வலையிலிருந்து பாசியை உதறிக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவான் என்று நினைத்தாள். அவன் வலையைக் கீழே போட்டான்.

"பாட்டுக்குப் போறவன் நானு. நின்னது எனுக்குத் தெரியாதா? நானும் எண்ணிருக்கணும்." பிறகு, "இன்னொரு வாட்டி என்னாண்ட அந்தக் கேள்வி கேட்டாங்கன்னா நா இன்னா பண்ணுவேன்?" என்றான். அவன் குரல் உடைந்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

உடனே போட வேண்டிய மாத்திரைக்கும் இனி நேரமில்லை, நாள் தள்ளினால் வா, பார்க்கலாம் என்றார் ராஜம்மா போனில். ஐஸ்வர்யா இறால் உரித்தாள், சோறு வடித்தாள், இடுப்பு லேசாக வலித்தபோதெல்லாம் ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை. ரஞ்சித் தண்ணீர்க் குடத்தை அவளைத் தொடவிடவில்லை. வர வேண்டிய நாளும் வந்து, தாண்டியும் போனது.

ராஜம்மா வரச்சொன்ன அன்று ரஞ்சித்தின் பாடு.

"நீ ஏரிக்குப் போ. நா பாப்பாவ தூக்கினு போயி பாத்துட்டு வரேன்."

அவன் வலையை வாசல் கழியிலேயே மாட்டினான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான்.

கரையில் தீனா மறித்தான். "இன்னா மாமா, காத்தும் இல்ல, சாவும் இல்ல. பாட்ட விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?"

"வீட்ல வேல கீது" என்றான் ரஞ்சித், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டே.

பழவேற்காடு போகும் படகில் ஏறினார்கள். ஏரி சலனமில்லாமல் இருந்தது. தூரத்தில் ரஞ்சித்தின் பிரிவுக்காரர்கள் வரிசையாக வலை கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கழிகள் வெறுமனே நின்றன. அதன் வழியாகத் தண்ணீர் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.