நாராயணப்பன் வீட்டு வெடிப்பெட்டி

1

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார்: "எங்க ஊர்ல எல்லார் கையிலயும் வெடி இருக்குதுங்க. அதனாலதான் நிம்மதியா இருக்கிறோம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மீதிக் கதை என் கைச்சரக்கு.

2

1986, கார்த்திகை. காட்டோரத்தில் ராகி முற்றித் தலை சாய்ந்து...

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

யானை விரட்டும் வெடியெல்லாம் ஊர்ப் பெரியவர் நாராயணப்பன் வீட்டு மச்சில் இருந்தது. யானை வந்தால் அவரிடம் ஓடிவந்து கேட்க வேண்டும். போன வாரம் முனிலட்சுமி அப்படி ஓடி வருவதற்குள் அவள் ராகியில் பாதி போய்விட்டது. கணவன் கங்கப்பன் ஓசூர் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான்.

"கொட்டாய்க்குக் கொட்டாய் வெடியக் குடுத்துடுங்கண்ணா. மிச்சமும் போச்சுன்னா வருசம் பூரா இன்னாத்தத் தின்றது?"

"நரி ஓடுனாகூட பயந்துகினு வெடிச்சித் தீத்துடுவீங்கம்மா."

"குடுத்துதான் பாருங்களேன்."

ஊரே அவள் பக்கம் நின்றது. காவல் கொட்டாய்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு பெட்டியை மட்டும் மச்சிலேயே மறைத்துக்கொண்டார்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. ஊர்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஊரை நம்பத்தான் மாட்டேன் என்கிறார்.)

3

மறுநாள் பொழுது சாயும் நேரம். நாராயணப்பன் தன் கொட்டாயில் தனியாக இருந்தார். புதருக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. என்னவென்று பார்க்காமலே வெடியைப் பற்றவைத்து வீசினார். அலறிக்கொண்டு ஓடியது அவருடைய எருமை.

அதற்குள் எல்லாக் கொட்டாயிலிருந்தும் பந்தத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் முனிலட்சுமி.

"யானை எங்கண்ணா?"

"எருமைம்மா."

சிரித்தார்கள். "போவட்டும் வுடுங்கண்ணா, வெடிச்சா ஆளு வருதான்னு பாத்தாச்சி" என்றாள்.

அவருக்கு மானம் போயிற்று. ஊர் பயந்துவிடும் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் தன் பயம்தான் என்று புரிந்தது. ஆனால் அந்தப் பந்த வெளிச்சத்தை நினைக்க நினைக்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

4

முடிவு ஒன்று: ஊர்க்கூட்டத்தில் நாராயணப்பன் எழுந்து, "நான் இத்தன நாளா..."

(இல்லை. இவர் கூட்டத்தில் பேசுகிற ஆளில்லை.)

முடிவு இரண்டு: வீட்டுக்கு வந்து, மறைத்த பெட்டியை இறக்க மச்சுக்கு ஏணி சாத்துகிறார். ஏணி ஆடுகிறது. கீழே பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் பெட்டி இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். வாசலுக்கு வருகிறார். தெருவில் முனிலட்சுமி போய்க்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்கிறார்.

இதற்குமேல் உள்ளதை நானே வைத்துக்கொண்டால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? உங்களை நம்பி விட்டுவிடுகிறேன். ஏணி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, யாராவது வந்து பிடியுங்கள்.