நான்காம் தறியின் தாளம்

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ராஸ்முஸால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவன் விரல்கள் தொடையில் எதையோ தட்டிக்கொண்டேயிருந்தன. டீயைப் பாதி குடித்துவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவான். முத்துமணிதான் கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

முத்துமணி இந்த ஊர்க்காரன். கோபன்ஹேகனில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ராஸ்முஸ் அவனுக்கு அடுத்த வீடு. ராஸ்முஸ் ஒரு டிஜே. கம்ப்யூட்டரிலேயே இசை கட்டி, ஆயிரக்கணக்கானவர்களை ஆடவைப்பவன். இளம் வயதில் அவன் செய்த ஒரு பாட்டு ஐரோப்பா முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு எது செய்தாலும் எடுபடவில்லை. எங்கே போனாலும் பழையதையே போடச் சொன்னார்கள். பெரிய மைதானங்கள் போய், ஓட்டல் மாடிகள், கல்யாண வீடுகள் என்று ஆயிற்று. அவன் பாட்டுகளை வெளியிடும் கம்பெனி, இந்த மாதத்துக்குள் புதிதாக ஒன்று வராவிட்டால் இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முத்துமணி தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது மாமா ஆறுமுகச்சாமியின் விசைத்தறிக் கூடத்தில் எடுத்தது. தறிகளெல்லாம் ஒரே சீராக அடிக்க, நடுவில் ஒன்று மட்டும் ஒரு தட்டு பிந்தியும் ஒரு தட்டு முந்தியும் விழுந்தது. ராஸ்முஸ் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். தான் தேடிய தாளம் இதுதான் என்றான். போனில் பதிந்தது ஒரே இரைச்சல், பாட்டுக்கு உதவாது. அதனால் நல்ல மைக்குகளோடு நேரிலேயே வந்துவிட்டான்.

ஆறுமுகச்சாமி மாலை போட்டு வரவேற்றார். பிறகு எல்லாத் தறிகளையும் ஓட்டச் சொன்னார். ராஸ்முஸ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தறியாகப் போனான். திரும்ப வந்தான். மறுபடி போனான். எல்லாம் ஒன்றுபோல அடித்தன. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மருமவனே, சாருக்குப் பிடிக்கலியா?" என்றார் ஆறுமுகச்சாமி.

"மாமா, நாலாவது தறி நொண்டுமே. அது என்னாச்சு?"

"நல்லா கேட்ட போ. ஒருத்தர் கடல் தாண்டி நம்ம தறிச் சத்தம் கேக்க வாராரு. அவரு காதுல அந்தக் கண்றாவி விழணுமாக்கும்? ஃபிட்டரைக் கூப்பிட்டு, நூல இழுத்துக்கிட்டு ஓடுற நாடாவை அடிக்கிற கட்டையவே மாத்திட்டம்லா."

முத்துமணி இதைச் சொன்னதும் ராஸ்முஸ் தன் பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு சுவரில் குத்தினான்.

"என்ன சொல்லுதாரு?"

"வெயில் ஜாஸ்தியாம் மாமா."

"அதுக்குச் செவரு என்னலே செஞ்சுது?"

நான்காம் தறியை ஓட்டும் பேச்சி, தறியை நிறுத்திவிட்டு வந்தாள். "ஏலே முத்துமணி, உள்ளதச் சொல்லு. அந்தப் பழைய சத்தத்துக்குத்தான வந்தாரு?"

"ஆமாக்கா. அது இல்லாட்டா இவருக்குப் பொழப்பே போயிரும்."

"பழைய கட்டை அங்கன மூலைல கெடக்கு. மாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. கொஞ்ச நேரம் ஓட்டுதேன். பாவம், அம்புட்டுத் தொலைவிலேர்ந்து வந்துருக்காரு."

ராஸ்முஸ் குழந்தைபோல் அவள் கையைப் பற்றிக்கொண்டான். ஃபிட்டர் வருவதற்குள் மைக்குகளைத் தறிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பேச்சி அவனைத் தோளில் தட்டி அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"ஏன்க்கா?" என்றான் முத்துமணி.

"அந்தக் கட்டை போட்டா நாடா துள்ளி வெளிய விழும்டே. இந்தா பாரு." அவள் முன்கையில் ஒரு காயம். அதன்மேல் மருந்தாகப் பூசிய கோயில் புற்றுமண் காய்ந்திருந்தது. "இவரு வாராருன்னுதான் அண்ணாச்சி சரி பண்ணுனாவ. இவரு புண்ணியத்துல இப்பதான் பயமில்லாம நிக்கேன்."

ஆறுமுகச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "ஆர்டர் விடாம வந்துச்சு. தறிய நிறுத்த முடியல," என்றார் மெதுவாக.

முத்துமணி ஒன்றையும் மறைக்காமல் ராஸ்முஸிடம் சொன்னான். ராஸ்முஸ் காயத்தைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான். "கொஞ்ச நேரம்தானே? அவர்களே சரி என்கிறார்கள்," என்றான்.

கட்டை மாறியது. பேச்சி ராஸ்முஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தறிமுன் போய் நின்றாள். ஃபிட்டர் விசைக்குக் கை நீட்டினான். அவ்வளவுதான், அவள் உடம்பு தானாக ஒருக்களித்தது. முழங்கை உயர்ந்து முகத்துக்குக் குறுக்கே வந்தது. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. அப்படி நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ராஸ்முஸ் ஹெட்போனைக் கழற்றினான். "வேண்டாம்," என்றான். மைக்குகளைத் தறிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டான்.

புதுக் கட்டையை மறுபடி மாட்டியதும் அவன் பழையதைக் கேட்டு வாங்கினான். ஞாபகார்த்தமாகக் கொண்டுபோகப் போகிறான் என்று நினைத்து ஆறுமுகச்சாமி அதைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். அவன் நேராக எதிர் டீக்கடைக்குப் போய் விறகடுப்பில் சொருகினான்.

"இங்கன வெறகுத் தட்டுப்பாடுன்னு யாரு சொன்னா?" என்றார் கடைக்காரர்.

முத்துமணி ஏன் என்று கேட்டான். "கையில் இருந்தால் நாளைக்கு மாட்டச் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்," என்றான் ராஸ்முஸ். எண்ணெய் ஊறிய கட்டை சட்டென்று பற்றிக்கொண்டது. நல்லதைச் செய்துவிட்டால் மனம் உடனே அமைதியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. அவன் தெருவில் மேலும் கீழும் நடந்தான். பிறகு கம்பெனிக்குப் போன் செய்தான். பேச்சு சீக்கிரமே முடிந்தது.

"முடித்துக்கொண்டார்கள்," என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சி வெளியே வந்தாள். முத்துமணி நடந்ததைச் சொன்னான். அவள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நாளைக்குக் கோமதியம்மனுக்கு இவரு பேருல அர்ச்சனை பண்ணுதேன். பேரைத் திருத்தமாச் சொல்லச் சொல்லு. நட்சத்திரம் என்ன?"

"டென்மார்க்ல ஏதுக்கா நட்சத்திரம்?"

"அப்ப அம்மன் நட்சத்திரத்துலயே பண்ணிருதேன்."

முத்துமணி எடுத்துச் சொன்னான். ராஸ்முஸ் அவள் முன்னால் உட்கார்ந்து, தன் பேரை மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னான். அவள் வாய்க்கு அது சரியாக வரும்வரை இருவரும் விடவில்லை.