துண்டுக்குள் பேசிய விலை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இல்லாவிட்டால் பாதிக் கதையைக் காற்று கொண்டுபோய்விடும். செஞ்சிச் சந்தைக்கு ஒரு டீச்சரம்மா வியாபாரப் பாடம் நடத்தப் போன கதை இது. சாவு கிடையாது, சண்டை கிடையாது. ஒரு மாடு விலைக்குப் போனது, அவ்வளவுதான். ஆனாலும் முடிகிற வரை எழுந்திருக்க மாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

பிளஸ் டூ வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். சயின்ஸ் குரூப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளைத்தான் அப்போது வணிகவியலில் தள்ளுவார்கள். வகுப்பறை கூட மிச்சமில்லாமல், சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு அறையைக் காட்டியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை முழுசாக வந்து நிற்கும். அந்த அறையில்தான் ஜாஹிதா பேகம் டீச்சர், முக்காட்டின் ஓரத்தில் சாக்பீஸ் தூளோடு, சந்தை என்றால் என்னவென்று எழுதிப்போட்டுக்கொண்டிருந்தாள். தடையில்லாத சந்தையில் விலையை யாரும் ஒளித்துவைக்க முடியாது. வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆகவே யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. இதற்கு நிறைவுப் போட்டி என்று பெயர். வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது இந்த வரியை முதல் தடவை வாசித்த ராத்திரி, மூடிய வீட்டில் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அதனால் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடும்.

கடைசி பெஞ்சிலிருந்து தனசேகரன் எழுந்தான். "டீச்சர், இந்தச் சந்தை எந்த ஊர்ல கூடுது? பஸ் இருந்தா ஒரு நட போய்ட்டு வரலாம்."

அறை முழுக்கச் சிரித்தது. முதல் பெஞ்சில் மங்கை மட்டும் சிரிக்காமல் டீச்சர் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் உள்ளதை அப்படியே நம்புகிற பெண் அவள். அந்த முகத்துக்காகத்தான் ஜாஹிதா சொன்னாள், நம் ஊரிலேயே கூடுகிறது, வருகிற வெள்ளிக்கிழமை அழைத்துப்போகிறேன் என்று. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவளுடைய அத்தா இருப்பார்.

அவளைப் பெற்ற அத்தா கௌஸ் பாஷா மாட்டுத் தரகர். ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால், அத்தா வியாபாரம் செய்கிறார் என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவின் மூடியைத் திறப்பாள் ஜாஹிதா. அவளும் அவரும் ஒரே வீட்டில் இருந்தும், அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு பேச்சு குறைந்துபோயிருந்தது. காலையில் அவர் எருவாசனையோடு வாசலில் செருப்பை உதறுவார், அவள் புத்தகத்தோடு ஒதுங்கி வழிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளை மணிக்குப் பிறகு பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனாள். அந்தச் சந்தையின் வாசனை இன்றைக்கும் அவளுக்கு மூக்கில் இருக்கிறது: நனைந்த சாக்கு, வெல்லம், கருவாடு, ஆட்டு மூத்திரம், இவற்றுக்கு மேல் எங்கிருந்தோ வரும் மல்லிப்பூ. பஸ் கூரையிலிருந்து கயிறு கட்டிக் கோழிக்கூடையை இறக்குவார்கள். சோடா உடைக்கிற சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும். மாட்டுப் பக்கம் போகாமல் காய்கறி, தானிய வரிசைகளிலேயே அவள் பிள்ளைகளைச் சுற்றிவந்தாள். பாடம் அங்கே அழகாக நடந்தது. தக்காளிக்காரிகள் விலையைக் கூவினார்கள், ஒருத்தி இறக்கியதும் பக்கத்துக்காரி திட்டிக்கொண்டே தானும் இறக்கினாள். புத்தகம் சொன்னது கண்முன்னே நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டினார்கள். தனசேகரன் கூடத் தலையை ஆட்டினான். அதோடு திரும்பியிருக்கலாம்.

"டீச்சர், அங்க பாருங்க. நம்ம மங்கை" என்றான் ஒரு பையன்.

காலையில் பள்ளிக்கு வராத மங்கை, புளியமரங்களுக்கு அடியில் ஒரு செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா கன்னியப்பன். பங்குனியில் அவர்கள் குடிசை எரிந்துபோயிற்று. மழைக்கு முன்னால் நாலு சுவர் எழுப்பவேண்டும், விற்பதற்கு அந்தப் பசுவைத் தவிர வேறொன்றும் இல்லை. இது வகுப்புக்கே தெரியும். மாடு விலைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஜாஹிதாவும் போகவேண்டியதாயிற்று. மங்கைக்கு எதிரே, தோளில் துண்டோடு நின்றவர் ஜாஹிதாவின் அத்தா.

மாட்டு விலையை வாயால் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. தரகர் துண்டை எடுத்துக் கைமேல் போர்த்துவார். உள்ளே விரல்கள் பேசும். முதல் பிடியில் எத்தனை விரலோ அத்தனை ஆயிரம், அடுத்த பிடியில் அத்தனை நூறு. வாங்குகிறவரோடு தனியாக, விற்கிறவரோடு தனியாக. இரண்டு கையும் அறிந்தவர் தரகர் ஒருவர்தான். திண்டிவனத்துப் பால்காரர் பொன்னுசாமியின் கை முதலில் துண்டுக்குள் போயிற்று. பிறகு கன்னியப்பன் கை.

ஜாஹிதா பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவளுக்கு எண்ணே அந்தப் பிடியில்தான் வந்தது. மடியில் உட்காரவைத்து விரல்களைப் பிடித்துப் பிடித்துத்தான் அத்தா ஒன்று இரண்டு கற்றுக்கொடுத்தார். அவர் முழங்கையில் எந்த நரம்பு எழும்பினால் உள்ளே எந்தப் பிடி என்று துணிக்கு வெளியிலிருந்தே அவளுக்குத் தெரியும். பால்காரரிடம் இரண்டு, பிறகு நாலு. கன்னியப்பனிடம் இரண்டு. அதோடு நின்றுவிட்டது. நடுவில் நானூறு அத்தாவுக்கு.

"அவ்ளோதான் கன்னியப்பா. பல்லு பாத்தல்ல, வயசாயிடுச்சு. இதுக்கு மேல போவாது" என்றார் கௌஸ் பாஷா.

கன்னியப்பன் தலையாட்டப் போனார். அப்போது மங்கை பேசினாள். அவள் குரலில் கோபமில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

"பாய், அவுருக்குச் சொன்ன வெலையும் எங்க நைனாவுக்குச் சொன்ன வெலையும் ஒண்ணுதானா?"

பக்கத்திலிருந்த தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தையில் கேட்கக்கூடாத கேள்வி அது. ஒரு தரகர், படிக்கிற புள்ளையாம், அதான் வாய் என்றார். கௌஸ் பாஷா முகம் கறுத்தது. கன்னியப்பன் மகளின் தோளைப் பிடித்து அமுக்கினார். மங்கை அப்பாவைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

என்ன சொல்வாள்? ஒன்றுதான் என்றால், இனி அந்த ஒருத்தி எந்தப் பாடத்தையும் நம்பமாட்டாள், நாலு சுவரில் ஒன்று எழும்பாமல் போகும். இல்லை என்றால், இனி எந்த மனுஷனும் கௌஸ் பாஷாவின் துண்டுக்குள் கை நீட்டமாட்டான். அவள் கட்டியிருந்த சேலை, வேலூர் விடுதிச் சாப்பாடு, கதவைத் திறந்துவிட்ட அந்தப் புத்தகம் எல்லாமே இந்தத் துண்டுக்கு அடியிலிருந்துதான் வந்தன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை கன்னியப்பன்களோ. எத்தனை சுவர்களோ.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

"அத்தா, கைய குடுங்க."

பெண்பிள்ளை ஒருத்தி துண்டுக்குள் கை விட்டதை அந்தச் சந்தை அதுவரை பார்த்ததில்லை. கௌஸ் பாஷா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, பழக்கம்தானே, துண்டு தானாகவே விரிந்தது.

உள்ளே இருட்டு, வியர்வை, கயிறு இழுத்துத் தடித்த தோல். அவள் இரண்டு விரலைப் பிடித்தாள். விட்டுவிட்டு நாலைப் பிடித்தாள். அவர் கை மரம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பிடித்தார்: இரண்டு. பிறகு, ஒன்று. அவள் உதறிவிட்டு மறுபடி நாலைப் பிடித்தாள். அவர் இரண்டுக்கு வந்தார். பேரம் பேசுகிறார். பெற்ற மகளிடம், பால்காரரிடம் பேசுகிற மாதிரியே ஒழுங்காகப் பேரம் பேசுகிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்றாம் தடவை நாலு விரலையும் பிடித்து விடாமல் வைத்துக்கொண்டாள். வெளியே மாடு வாலை வீசிற்று.

பிறகு அவர் விரல்கள் தளர்ந்தன. அவள் கையை மொத்தமாகப் பற்றிக்கொண்டார். அந்தப் பிடிக்குச் சந்தையில் விலை எதுவும் கிடையாது.

துண்டை எடுத்து உதறினார். "கன்னியப்பா, பால்காரர் இன்னும் கொஞ்சம் ஏறி வர்றாராம். இன்னொருக்கா கைய குடு."

தான் எப்போது ஏறினோம் என்று பொன்னுசாமி வாயைத் திறந்தார். தரகர் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு பசுவின் காதைத் தடவ ஆரம்பித்தார். துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்ததும் கன்னியப்பன் குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னார். தரகுக் கூலியும் அங்கேயே, எல்லோருக்கும் தெரியக் கைமாறியது. மங்கை கயிற்றைப் பால்காரரிடம் கொடுத்துவிட்டு, டீச்சரை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம வரேன் டீச்சர்" என்றாள்.

"வெயிலாவுது, புள்ளைங்கள இட்டுகினு போ" என்றார் கௌஸ் பாஷா, மகளைப் பார்க்காமல். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பிள்ளைகளோடு கடைத்தெரு வழியாகத் திரும்பினாள் ஜாஹிதா. தனசேகரன் கூட வரிசை கலையாமல் வந்தான். அத்தா இனி வீட்டில் பேசுவாரா, அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் துண்டு எப்படி விரியும், அவளுக்குத் தெரியாது. பள்ளிவாசலைக் கடக்கும்போது கண் தானாக உள்ளே போயிற்று. தொழுகைக்கு வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து அவசர அவசரமாகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவளுடைய அத்தா மட்டும், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அவள் பற்றியிருந்த வலது கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி, இன்னும் நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர் உறுதியாக நிற்கட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், தொழுவத்தில் மடி நிறைந்து கன்று துள்ளட்டும். பெற்றவர் கையும் பிள்ளை கையும் ஒன்றையொன்று தேடுகிற நேரத்தில், எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும்.