அட்டவணையில் இல்லாத அண்ணன்

போன வருடம் எங்கள் சுவா தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு அண்ணன் சுகுமாறன் முகம் உப்பி வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஆள், எப்போதும் ஒல்லிதான்.

"அண்ணி சமையல் வேலை செய்யுதுலா," என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். நானும், "இப்பதான்ணே பாக்க ஆளா இருக்கீங்க" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். காலில் சிலிப்பர் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாயாசம் வாங்கப் போனேன்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் வேலையே அதுதான். சிரம்பானில் ஒரு மருத்துவமனையில், சிறுநீரகத்தில் ஊசி குத்தி எடுக்கும் சதைத்துணுக்கின் முடிவுகளை எட்டு வருடமாகக் கணினியில் ஏற்றுகிறேன். முகவீக்கம், கால்வீக்கம், நுரைத்த சிறுநீர். அப்புறம் எந்த வகை நோய், எந்த இனம், எந்த ஊர்.

அந்தக் கணக்கை வைத்து டாக்டர் பெவர்லி கட்டுரை எழுதுகிறார். போன திங்கட்கிழமை அட்டவணையைக் காட்டினார். "லோகேஸ்வரி, எஸ்டேட் ஆளுங்க எல்லா நோய் வகையிலயும் கம்மி, பாத்தீங்களா?" தோட்டத்தில் பிறந்த எனக்கும் அதில் ஓர் அற்பப் பெருமை.

வியாழக்கிழமை அண்ணனுக்கு மூச்சு வாங்கி, எங்கள் மருத்துவமனை வார்டிலேயே கொண்டுவந்து போட்டார்கள். நான் டாக்டர் பெவர்லியிடம் ஓடினேன்.

"ஊசி குத்திச் சதை எடுத்துப் பாத்துருங்க டாக்டர். வகை தெரிஞ்சா மருந்து இருக்குல்ல?"

அவர் ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிட்னி ரெண்டும் சுருங்கிப் போச்சும்மா. இனி குத்துனா ரத்தம்தான் கொட்டும். மருந்துக்கு நேரம் தாண்டிருச்சு. டயாலிசிஸ்தான்."

"அப்ப அட்டவணையில அண்ணன் பேரு?"

"ஊசி குத்திச் சதை எடுக்காதவங்க அதுல வரமாட்டாங்க."

டயாலிசிஸ் அறைக்கு அண்ணனைத் தள்ளிக்கொண்டு போனேன். எட்டு வருடத்தில் அந்தக் கதவை நான் திறந்ததில்லை. பதினாறு படுக்கை. படுக்கைத் தாள்களில் லாபு, ரந்தாவ், கோலா கிளாவாங் என்று ஊர்ப்பெயர்கள்; பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். ஒருவர் பெயரைக்கூட நான் கணினியில் தட்டியதில்லை. கம்மியாம். எல்லாரும் ஊசிக்கு நேரம் தாண்டி வந்தவர்கள்.

"ரெண்டு வருஷமா நுரை வந்துச்சு. கக்கூஸ் கழுவுற சோப்புனு நெனச்சிட்டேன்," என்றார் அண்ணன். பிறகு கேட்டார், "என்ன நோய்னு எழுதியிருக்கு?"

படுக்கையில் மாட்டியிருந்த தாளைப் பார்த்தேன். "காரணம் தெரியலன்னு போட்டிருக்குண்ணே."

அவர் கழுத்திலிருந்து இறங்கிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"நீ இங்கதானேம்மா வேலை செய்யுற?"